பீச்வொர்த் போறீங்களா? மொதல்ல பள்ளத்தைப் பாருங்க, ஒயின் அப்புறம்

மெல்போர்ன்ல இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர், ஒரு காலத்துல தங்கம் தோண்டின பழைய விக்டோரியா ஊரான பீச்வொர்த் போயிட்டு வந்து சொல்றது ஒரே மாதிரிதான் இருக்கும், "ஊரு அழகா இருக்குங்க, பேக்கரி சூப்பர், ஆனா பாக்க பெருசா ஒண்ணும் இல்ல". காலைல பதினோரு மணிக்குப் போய் இறங்குவாங்க, ஃபோர்டு ஸ்ட்ரீட்ல ரெண்டு போட்டோ, ஒரு பை (pie), ஒரு காபி, அப்புறம் நேரா ஏதாவது ஒயினரி (ஒயின் தயாரிக்கிற தோட்டம்), நாலு மணிக்கு ஊரு திரும்பிடுவாங்க. நானும் முதல் தடவ அப்படித்தான் போய்ட்டு வந்தேன். ரெண்டாவது தடவதான் புரிஞ்சுது, இந்த ஊர்ல எதைப் பாக்குறோம்ங்கிறதைவிட எந்த வரிசையில பாக்குறோம்ங்கிறதுதான் விஷயம். தங்கம் எந்த வழியா போச்சோ அதே வழியா நீங்களும் போங்க. தங்கம் தோண்டின பள்ளத்துல ஆரம்பிங்க, அங்கருந்து கோர்ட்டு, ஜெயில், கல்லறைத் தோட்டம், கடைசியாத்தான் திராட்சைத் தோட்டம். இதுக்கு ரெண்டு நாள் வேணும், ஒரு ராத்திரி அங்க தங்கணும்.

எப்படிப் போறதுன்னா, மெல்போர்ன்ல இருந்து ஹ்யூம் ஃப்ரீவேல ஏறினா வாங்கராட்டா பக்கம் கிரேட் ஆல்பைன் ரோட்டுக்குப் பிரிஞ்சு பீச்வொர்த், மொத்தம் கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர், நடுவுல ஒரு டீ குடிச்சா கூட மூணரை மணி நேரம் பிடிக்காது. கார் இல்லாதவங்க வி-லைன் (விக்டோரியா மாநில ரயில்) ஆல்பரி ரயில்ல வாங்கராட்டா வரைக்கும் போய் அங்கருந்து பஸ் பிடிக்கலாம், ஆனா பஸ் நம்ம ஊரு டவுன் பஸ் மாதிரி கிடையாது, ஒண்ணை விட்டா அடுத்தது எப்போன்னு பாத்துக்கிட்டே உக்காரணும், அதனால டைம்டேபிள் பாத்துட்டு டிக்கெட் போடுங்க. எப்போ போறதுன்னு கேட்டா நான் சொல்றது ஏப்ரல் கடைசி, மே ஆரம்பம். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்பும் ஆகி தெருவே வேற மாதிரி இருக்கும். ஈஸ்டர் நேரத்துல கூட்டம் பின்னும், ரூம் கிடைக்காது. ஜனவரி, பிப்ரவரி வெயில் மண்டையைப் பொளக்கும், காட்டுத்தீ சீசன் வேற, அந்த நேரத்துல போறதா இருந்தா விக்எமர்ஜென்சிங்கிற அரசு எச்சரிக்கை ஆப் போன்ல கண்டிப்பா இருக்கட்டும். ஜூலைல போனா காலைல கார் கண்ணாடியில பனி உறைஞ்சு கிடக்கும், ஸ்வெட்டர் இல்லாம போய் நடுங்காதீங்க.

இன்னொண்ணு, திங்கள் செவ்வாய்ல போகாதீங்க. நான் ஒரு தடவ லாங் வீக்கெண்ட் கூட்டம் வேண்டாம்னு புத்திசாலித்தனமா செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டுப் போனேன், பாதிக் கடை மூடியிருந்துச்சு. சரி ஒயின் தோட்டமாவது பாக்கலாம்னு ஒரு இடத்துக்கு மண் ரோட்டுல கார் ஓட்டிட்டுப் போனா கேட்டுல பூட்டு, முன்பதிவு பண்ணவங்களுக்கு மட்டும்னு ஒரு சின்ன போர்டு. கேட்டு முன்னாடி நின்னு கொண்டு போன முறுக்கைத் தின்னுட்டுத் திரும்பி வந்தோம், அவங்க மேல தப்பு இல்ல, நான்தான் போன் பண்ணிக் கேட்டிருக்கணும்.

சரி, பள்ளம்.

இங்க தங்கம் கிடைச்சது 1852ல, ஸ்பிரிங் கிரீக்ங்கிற ஓடையில. கோலார் மாதிரி பூமிக்குள்ள ஆழமா சுரங்கம் போட்டு பாறையை உடைச்சு எடுக்கிற தங்கம்னு நினைச்சுக்காதீங்க, இங்க பெரும்பாலும் ஓடை மணல்லயும் சரளையிலயும் பொடிப்பொடியா கலந்து கிடந்த தங்கம். மொதல்ல சட்டியை வச்சு அரிச்சாங்க, அப்புறம் மரத்தொட்டி வச்சாங்க, அதுக்கப்புறம் மேட்டுல இருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணி கொண்டு வந்து கரையையே கரைச்சு எடுத்தாங்க. மண்ணு பூரா கரைஞ்சு போய் கருங்கல் பாறை மட்டும் எலும்பு மாதிரி துருத்திட்டு நிக்கிற இடம் இந்த ஊரைச் சுத்தி எங்கயும் பாக்கலாம். ஊருக்கு உள்ளயே இருக்கிற லேக் சாம்பெல், குழந்தைங்க விளையாட வாத்து நீந்துற அந்த அழகான ஏரி, அதுவே தங்கத்துக்காகத் தோண்டின பள்ளம்தான், அப்புறமா தண்ணி நிரப்பி ஏரி ஆக்கினாங்க. கழிவு மண்ணையும் தண்ணியையும் வெளியேத்த ஊருக்கு அடியிலயே பாறையைக் குடைஞ்சு ஒரு சுரங்க வழி போட்டாங்க, 1880 வாக்குல முடிச்சாங்க, இப்பவும் அது அடியிலதான் இருக்கு. நீங்க மேல நடந்துக்கிட்டு ஐஸ்கிரீம் தின்னுட்டு இருப்பீங்க.

அதனால முதல் நாள் காலைல நேரா கோர்ஜ் சீனிக் டிரைவுக்கு, அதாவது ஓடைப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போற ரோட்டுக்கு, போயிடுங்க. ஒன் வே ரோடு, ஒரே பக்கமாத்தான் போக முடியும், போர்டு பாத்துத் திரும்புங்க. வழியில பவுடர் மேகசின்னு ஒரு கல் கட்டடம் வரும், 1859ல கட்டினது, சுரங்கக்காரங்களுக்கான வெடிமருந்தை வச்சிருந்த கிடங்கு. சும்மா ஒரு கல் ரூம்தானேன்னு தாண்டிப் போயிடாதீங்க, இறங்கி சுவத்தோட கனத்தைப் பாருங்க, வெடிச்சா ஊருக்கு எதுவும் ஆகக்கூடாதுன்னு எவ்வளவு பயந்திருக்காங்கன்னு அந்தச் சுவரே சொல்லும். இன்னொரு முனையில நியூடவுன் பாலம், 1875ல கருங்கல்லைச் செதுக்கிக் கட்டின வளைவு. அதுக்குக் கீழ பாறைமேல ஓடை சரிஞ்சு விழுகுற இடத்துல கொஞ்ச நேரம் உக்காருங்க, 1852ல கூட்டம் வந்து விழுந்தது இந்த ஓடைக்குத்தான். அருவின்னு பெருசா எதிர்பாத்துடாதீங்க, குத்தாலம் பாத்த கண்ணுக்கு இது குழாய்த் தண்ணிதான், ஆனா மழைக்கு அப்புறம் போனா பரவாயில்ல.

தங்கம் நீங்களே அரிச்சுப் பாக்கணும்னா அதுக்கு ஒரு பேப்பர் வேணும், பேரு மைனர்ஸ் ரைட். ஆன்லைன்ல வாங்கிக்கலாம், பத்து வருஷத்துக்குச் செல்லும், விக்டோரியா முழுக்க அனுமதி இருக்கிற இடத்துல தேடலாம். இந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு சண்டையே இருக்கு. ஆரம்பத்துல தோண்டுறவன் தங்கம் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் மாசம் 30 ஷில்லிங் (ஒன்றரை பவுண்டு) லைசென்ஸ் கட்டணும், போலீஸ் குதிரையில வந்து லைசென்ஸ் எங்கன்னு துரத்துவான். அந்தக் கோவம் 1854 டிசம்பர்ல பல்லரட்ங்கிற இன்னொரு தங்க ஊர்ல யுரேகா கலவரமா வெடிச்சுது, ஆளுங்க செத்தாங்க, அதுக்கப்புறம் 1855ல லைசென்ஸை எடுத்துட்டு வருஷத்துக்கு ஒரு பவுண்டுன்னு மைனர்ஸ் ரைட் கொண்டு வந்தாங்க, அது வச்சிருந்தவனுக்கு ஓட்டுரிமையும் கிடைச்சுது. இன்னிக்கு நாம போன்ல கார்டு நம்பர் தட்டி வாங்குற அந்த பேப்பர் அதோட பேரப்பிள்ளை.

ஆனா எங்க வேணாலும் தோண்டக் கூடாது. பக்கத்துல இருக்கிற சில்டன்-மவுண்ட் பைலட் தேசியப் பூங்காவுல குறிப்பிட்ட பகுதிகள்ல மட்டும்தான் அனுமதி, மேப் பாத்துட்டுப் போங்க. கையால தோண்டுற கருவிதான், மெஷின் கூடாது, செடி கொடியை வேரோட பிடுங்கக் கூடாது, தோண்டின குழியை மூடிட்டுத்தான் வரணும். எல்டொராடோ பக்கம் ரீடி கிரீக்ல நாங்க அரிச்சோம். அம்மா அப்போ ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. நான் யூடியூப்ல பத்து வீடியோ பாத்துட்டு சட்டியை ஆட்டோ ஆட்டுன்னு ஆட்டுறேன், ஒண்ணும் வரல. அம்மா கரையில நின்னு பாத்துட்டு, "என்னடா மாவு சலிக்கிற மாதிரி ஆட்டுற, அரிசில கல்லு அரிக்கிற மாதிரிதானேடா"ன்னு சேலையைத் தூக்கிச் செருகிட்டு சட்டியை வாங்கிட்டாங்க. அதேதான். அரிசில கல்லு கனம், அடியில தங்கும், அரிசி தண்ணியோட வெளிய போயிடும். இங்க தங்கம் கனம், மணல் வெளிய போயிடும். சட்டியில பாதிக்குச் சரளை போட்டு தண்ணிக்குள்ள முக்கி மொதல்ல கையால பெசஞ்சு களிமண்ணைக் கரைக்கணும், பெரிய கல்லைப் பொறுக்கித் தூர எறியணும், அப்புறம் இடமும் வலமுமா ரெண்டு குலுக்கு குலுக்கி கனமானதை அடியில இறங்க விடணும், அதுக்கப்புறம்தான் சட்டியை முன்பக்கமா லேசா சாய்ச்சு மேல இருக்கிற மணலைத் தண்ணி எடுத்துட்டுப் போக விடணும். கொஞ்சம் கழிய விட்டு மறுபடி குலுக்கு, மறுபடி கழிய விடு. அவசரப்பட்டா எல்லாம் போச்சு. கடைசியில ஒரு ஸ்பூன் கருப்பு மணல் மிஞ்சும், அதுல தகரக் கனிமமும் இருக்கும், இந்தப் பக்கம் தகரமும் நிறைய. அந்தக் கருப்பை விரிச்ச மாதிரி சுத்தி விட்டா ஓரத்துல ஊசி முனை அளவுக்கு ரெண்டு மஞ்சள் புள்ளி. நிழல்ல பாத்தாலும் மஞ்சளாவே இருந்தா தங்கம், வெயில்ல மட்டும் மினுக்கிட்டு நிழல்ல செத்துப் போனா அது மைக்கா, நம்ம காக்காப்பொன். ரெண்டு புள்ளிக்கு ரெண்டரை மணி நேரம், அம்மாவுக்கு இடுப்பு வலி மூணு நாள்.

எல்டொராடோ போனீங்கன்னா அங்க குளத்துல மிதக்கிற டிரெட்ஜரைப் பாக்காம வராதீங்க. 1936ல வேலைக்கு இறங்கி 1954 வரைக்கும் அந்த ஓடைப் படுகையையே மென்னு துப்பின இரும்பு ராட்சசன், தான் தோண்டின பள்ளத்துலயே தண்ணி நிரம்பி அதுலயே மிதந்துக்கிட்டு முன்னேறும். மொத்தத்துல ரெண்டு டன்னுக்கு மேல தங்கம் எடுத்துச்சு. பக்கத்துல ஏறி நின்னு மண்ணை அள்ளுற அந்த வாளிகளைப் பாத்தா, ரெண்டு புள்ளிக்கு நாம பட்ட பாடு ஞாபகம் வந்து சிரிப்புதான் வரும்.

மதியத்துக்கு மேல ஊருக்குள்ள வாங்க. பேக்கரியில கூட்டம் கம்மியா இருக்கும். பீ ஸ்டிங்னு ஒண்ணு இருக்கு, தேனும் பாதாமும் மேல, நடுவுல கஸ்டர்ட், அது வாங்குங்க. சைவக்காரங்களுக்கு காய்கறி பேஸ்டி (நம்ம பஃப் மாதிரி) கிடைக்கும், மத்தபடி ராத்திரி சாப்பாட்டுக்கு சைவம் கொஞ்சம் திண்டாட்டம்தான், புளியோதரை கட்டிட்டுப் போறதுல ஒரு தப்பும் இல்ல.

ஃபோர்டு ஸ்ட்ரீட்ல தேன் கலர்ல கிரானைட் கட்டடங்க வரிசையா நிக்கும், எல்லாம் உள்ளூர் கல்லு. கூடாரம் போட்டுத் தோண்டின ஊர்ல இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு கனமான கட்டடம் எதுக்குன்னு யோசிச்சா பதில் சுலபம், தங்கம் கிடைச்ச இடத்துல சர்க்கார் தன் அதிகாரத்தைக் கல்லுல கட்டிக் காட்டிச்சு. கோர்ட்டுக்குள்ள போய் கைதிக் கூண்டுகிட்ட நில்லுங்க. 1880 ஆகஸ்ட்ல நெட் கெல்லியைக் கொண்டு வந்து நிறுத்தினது இங்கதான், போலீஸ்காரங்களைச் சுட்டுட்டு இரும்புக் கவசம் போட்டுச் சண்டை போட்டவன். கிளென்ரோவன்ல ஜூன்ல பிடிபட்டான், இங்க முதல் கட்ட விசாரணை, அப்புறம் வழக்கை மெல்போர்னுக்கு மாத்திட்டாங்க, இந்தப் பக்கத்து ஜனங்க அவனுக்கு அனுதாபம் காட்டிடுவாங்கன்னு பயம். நவம்பர் 11ல தூக்கு. அவனோட அம்மா எலன் கெல்லிக்கு 1878ல மூணு வருஷம் தண்டனை கொடுத்ததும் இதே கோர்ட்லதான். கெல்லி ஹீரோவா கொலைகாரனான்னு ஆஸ்திரேலியாக்காரங்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க, உள்ளூர் பப்ல அந்தப் பேச்சை நீங்க ஆரம்பிக்காதீங்க. கொஞ்சம் தள்ளி பழைய ஜெயில், 2004 வரைக்கும் நிஜமாவே ஜெயிலா ஓடிட்டிருந்துச்சு, கைடு கூட டூர் போகலாம். கெல்லிக்கு ஆதரவா இருக்காங்கன்னு சந்தேகப்பட்டு கிட்டத்தட்ட இருபது பேரை 1879ல விசாரணையே இல்லாம மாசக்கணக்கா அடைச்சு வச்சிருந்தது இங்கதான்.

பர்க் மியூசியம் நேரம் இருந்தா போங்க. ராபர்ட் ஓ'ஹாரா பர்க் இங்க போலீஸ் அதிகாரியா இருந்தவர், அப்புறம் 1860ல மெல்போர்ன்ல இருந்து கண்டத்தைத் தெற்கு வடக்கா கடக்கக் கிளம்பித் திரும்பி வரும்போது பாலைவனத்துல செத்துப்போனார், அவர் பேருதான். உள்ள அழிஞ்சு போன டாஸ்மேனியப் புலியோட பாடம் பண்ண உடம்பு இருக்கு, குழந்தைங்க அதை விட்டு நகராது.

இப்ப நிறைய பேர் விட்டுட்டுப் போற இடம். சிமெட்ரி. ஊர்ல இருந்து கார்ல ரெண்டு மூணு நிமிஷம்தான். ஒரு மூலையில சீனர்களோட கல்லறைகள், முன்னாடி ரெண்டு கோபுரம், 1857ல கட்டினது, செத்தவங்களுக்காகக் காகிதப் படையலை எரிக்கிறதுக்கு. சுமார் 2000 சீனர்களை இங்க புதைச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. 1855ல விக்டோரியா அரசாங்கம் கப்பல்ல வர்ற ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டுச்சு, அதைத் தவிர்க்க பக்கத்து மாநிலத்துல ரோப்ங்கிற துறைமுகத்துல இறங்கி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்க வயலுக்கு வந்தாங்க. வந்த இடத்துல 1857 ஜூலை 4ல பக்லேண்ட் பள்ளத்தாக்குல வெள்ளைக்காரக் கும்பல் கூடாரத்தையெல்லாம் கொளுத்தி ரெண்டாயிரம் பேருக்கு மேல விரட்டி அடிச்சுது, சிலர் செத்தே போனாங்க. அப்போ பீச்வொர்த்ல இருந்து போலீஸைக் கூட்டிட்டுப் போனதும் அதே பர்க்தான். வரிசை வரிசையா முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னக் கல்லு, எழுத்து பாதி அழிஞ்சிருக்கு. வெளியூர்ல பொழைக்க வந்த நமக்கு அங்க நிக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகும், அதுக்கு மேல நான் எழுதல. செருப்போட கல்லு மேல ஏறி போட்டோ எடுக்காதீங்க.

ரெண்டாவது நாள் ஒயின். இங்க ஒரு குழப்பம் வரும், பீச்வொர்த் ஒயினும் ரூதர்கிளென் ஒயினும் ஒண்ணு இல்ல. பீச்வொர்த் மலைப்பக்கம், குளிர், கருங்கல் மண்ணு, ஷார்டனே, ஷிராஸ்ங்கிற ரெண்டு திராட்சை வகையும் பேர் போனது, தோட்டமெல்லாம் சின்னது, நிறைய இடம் முன்பதிவு பண்ணாத்தான் உள்ள விடுவாங்க, விலையும் கையைக் கடிக்கும். முக்கால் மணி நேரம் கார்ல கீழ இறங்கினா ரூதர்கிளென், சமவெளி, வெயில், அங்க கதையே வேற. அதுவும் 1860ல தங்கம் கிடைச்ச ஊர்தான். பூமிய 18 அங்குலம் தோண்டி திராட்சைக் கொடி நடு, அதுதான் தங்கம்னு ஒரு பழைய பேச்சு அங்க உண்டு. தங்கம் தீந்து போச்சு, கொடி நின்னுடுச்சு. நடுவுல 1899ல வேரை அரிக்கிற ஃபிலாக்ஸெரா பூச்சி வந்து தோட்டங்களைக் காலி பண்ணியும் விடாம மறுபடி நட்டாங்க.

ரூதர்கிளென்ல குடிக்க வேண்டியது மஸ்கட்ங்கிற இனிப்பு ஒயின். பழத்தைக் கொடியிலயே சுருங்க விட்டுப் பறிச்சு, புளிக்க ஆரம்பிச்சதும் ஸ்பிரிட் ஊத்தி நிறுத்திடுவாங்க, சர்க்கரை அப்படியே தங்கிடும், அதைப் பழைய பீப்பாயில வருஷக்கணக்கா போட்டு வைப்பாங்க. கருப்பட்டிப் பாகுல கிஸ்மிஸ் ஊறப் போட்ட மாதிரி ஒரு ருசி, நாக்குல ஒட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேங்கும். பாட்டில்ல ரூதர்கிளென், கிளாசிக், கிராண்ட், ரேர்னு நாலு படி போட்டிருக்கும், மேல போகப் போக வயசும் விலையும் ஏறும். ரேர் வாங்க வேண்டாம், டேஸ்டிங்ல ஒரு துளி நாக்குல வச்சுப் பாருங்க, வாங்கறதுக்கு கிளாசிக் போதும்.

கார் ஓட்டுறவரு யாருன்னு காலைலயே முடிவு பண்ணிடுங்க. இங்க ரத்தத்துல ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எல், பி பிளேட் வச்சிருக்கிற புது டிரைவருங்களுக்கு ஜீரோ. டேஸ்டிங்தானே துளித் துளின்னு நினைப்பீங்க, ஒரு தடவ ஊத்துறது 30 மில்லின்னு வச்சுக்கங்க, அஞ்சு ஊத்தினா 150 மில்லி, அதுவே சுமார் ஒன்றரை ஸ்டாண்டர்ட் டிரிங்க் (இங்க ஆல்கஹாலைக் கணக்குப் போடுற அளவு). மஸ்கட் இன்னும் மோசம், அது ஸ்பிரிட் கலந்தது, 60 மில்லியே ஒரு டிரிங்க் கணக்கு. ரெண்டு ஒயினரி ஏறி இறங்கினாலே லிமிட்டைத் தாண்டிற வாய்ப்பு இருக்கு, ரோட்டுல போலீஸ் ஊதச் சொல்லுவான். துப்புறதுக்கு ஒரு ஜாடி வச்சிருப்பாங்க, துப்பறது அசிங்கம் இல்ல, அங்க அதுதான் வழக்கம், கூச்சப்படாம துப்புங்க. டேஸ்டிங்குக்குக் காசு வாங்குவாங்க, பாட்டில் வாங்கினா நிறைய இடத்துல அந்தக் காசைக் கழிச்சுக்குவாங்க, முன்னாடியே கேட்டுருங்க. ஒரு நாளைக்கு ரெண்டு இடம், ரொம்ப ஆசைன்னா மூணு. அதுக்கு மேல போனா எல்லாம் ஒரே ருசிதான்.

குடிக்காதவங்க வீட்டுல இருந்தா அவங்களை இழுத்துட்டுப் போய் ஒயினரியில போன் நோண்ட விடாதீங்க, மிலாவா பக்கம் சீஸ் கடை, கடுகு கடை இருக்கு, பீச்வொர்த்ல தேன் கடை இருக்கு, விதவிதமான தேனை ருசி பாக்கலாம், எங்கம்மா அங்கதான் ஒரு மணி நேரம் நின்னாங்க. பழைய ரயில் பாதையை சைக்கிள் பாதையாக்கி வச்சிருக்காங்க, பீச்வொர்த்ல இருந்து எவர்டன் வரைக்கும் நல்ல இறக்கம், மிதிக்காமலே போயிடலாம், ஆனா திரும்பி ஏறணும்கிறதை மறந்துட்டு நான் போனேன், நீங்க கீழ ஒரு காரை நிறுத்தி வச்சுட்டுப் போங்க.

திரும்பும்போது பொழுது சாயறதுக்குள்ள ஹ்யூம் ஃப்ரீவேல ஏறிடுங்க. இருட்டுற நேரத்துல இந்தச் சின்ன ரோட்டுல கங்காரு எங்கருந்து குதிக்கும்னே தெரியாது, வந்தா ஸ்டீயரிங்கை ஒடிச்சுத் திருப்பாதீங்க, நேரா பிடிச்சு பிரேக்கை மிதிங்க.